ரிசல்ட் போர்டும் கம்பெனி பஸ்ஸும்

ஜூன் மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர், ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் மதிப்பெண்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் கம்பியில், டீக்கடைக் கூரையில், கழிப்பறைச் சுவரில் என எங்கே திரும்பினாலும் ஃப்ளெக்ஸ் போர்டு. மேலே தாளாளர் கைகூப்பிச் சிரிக்கிறார். கீழே வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் சைஸ் பிள்ளைகள். ஒவ்வொரு முகத்துக்கும் அடியில் 600-க்கு இத்தனை, 500-க்கு இத்தனை. மூலையில் சிவப்புப் பூவெடிக்குள் ‘சென்டம் ரிசல்ட்’. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. பத்திரிகையில் ரேங்க் நின்றது, மின்கம்பத்தில் நிற்கவில்லை.

இந்த மாவட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படித்தால் தலை சுற்றும். சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965-ல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். 2011 கணக்கெடுப்பின்போது மாநில எழுத்தறிவு 80 சதவீதம்; கிருஷ்ணகிரி 72-ஐச் சுற்றி நின்றது. கடைசி வரிசைக்குப் பக்கத்து வரிசை. அதே மாவட்டத்தின் ஊத்தங்கரையில் இருக்கும் ஒரு தனியார் பள்ளிதான் 2014-லும் 2016-லும் பிளஸ் டூவில் மாநில முதலிடம் வாங்கியது. இரண்டும் எப்படி ஒரே மண்ணில் என்று கேட்டால் பதில் எளிது: அந்தப் பிள்ளைகளில் பலர் இந்த மண்ணின் பிள்ளைகள் அல்லர். நாமக்கல்லில் தொடங்கி ராசிபுரம், தருமபுரி, ஊத்தங்கரை என்று ஒரு பட்டையாகப் பரவிய விடுதிப் பள்ளிகளுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘பிராய்லர் ஸ்கூல்’.

அந்த ஓட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு என்று ஒன்று இருப்பதையே பல பள்ளிகள் மறந்திருந்தன. பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். அதை உடைக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் 600 ஆனது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பழைய பழக்கம் திரும்பி வருமா என்று கேட்க இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நான் பார்க்க வந்தது போர்டில் இருப்பவர்களை அல்ல. ஓசூர் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு குறும்பாதை வந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு போய்விட்டது. ஆனால் சாலைகள் எல்லாம் இங்கேதான் கூடுகின்றன: சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை. ஓசூர் இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். மாந்தோப்புகள் குருபரப்பள்ளி வரை கூட வருகின்றன. அதற்கப்புறம் தோப்புக்கும் தோப்புக்கும் நடுவே நீல நிறத் தகரக் கூரைகள். சூளகிரியில் தக்காளிக் கிரேட்டுகளோடு ஒரு கூட்டம் ஏறியது. எதிர்த்திசையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஷிப்ட் முடிந்த நேரம். ஜன்னலில் தலை சாய்த்து வாயைத் திறந்து தூங்கும் முகங்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ ஏதோ ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ எழுதியவர்கள்.

பக்கத்து சீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். எல்லையோர ஊர்களிலேயே சர்வீஸை முடித்தவர். போர்டுகளைப் பற்றிப் பேச்செடுத்ததும் சிரித்தார்.

“ஒம்பதாவதுலயே டி.சி. குடுத்து அனுப்பிடுவாங்க சார். இவன் பத்தாவதுல தேறமாட்டான்னு தெரிஞ்சா, அப்பாவக் கூப்ட்டு, ‘கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துடுங்க, அங்க ஈஸியா இருக்கும்’பாங்க. ஜூன் மாசம் நம்ம கேட்டுல வந்து நிப்பான். நாம வேணாம்னு சொல்ல முடியுமா? அவங்களுக்கு சென்டம், நமக்கு அவன்.”

அப்படி வருகிறவர்களுக்குத் துறையில் ஒரு பெயர் உண்டு: ‘மெல்லக் கற்போர்’. அவர்களுக்காக ‘மினிமம் மெட்டீரியல்’ என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு தயாராகும். முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு எது போதுமோ அது மட்டும். கிராஃப் ஒன்று, ஜியாமெட்ரி ஒன்று, கட்டாயம் வரும் இரண்டு மதிப்பெண் வினாக்கள் சில. “அந்தக் கட்ட வெச்சு எத்தன பேர கரையேத்தியிருக்கேன் தெரியுமா?” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “கணக்கு சொல்லிக் குடுத்தேன்னு மட்டும் சொல்லமாட்டேன்” என்றார்.

2025-ல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம், பிளஸ் டூவில் 95.03. பெரும்பாலோர் தொண்ணூறைத் தாண்டிய பிறகு, மாவட்டங்களின் வரிசை என்பது சில புள்ளிகளுக்குள் நடக்கும் தள்ளுமுள்ளு. அதில் மூன்று இடம் இறங்கினால் முதன்மைக் கல்வி அலுவலரின் (சி.இ.ஓ.) மீட்டிங்கில் தலைமையாசிரியர்கள் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். யார் யாரைச் சேர்த்துக்கொண்டு அந்தத் தேர்ச்சியைக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இங்கிலாந்தில் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்துக் குழந்தைகளை இரண்டு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அதை விட்டுவிட்டு எல்லோரையும் ஒரே பள்ளியில் சேர்க்கும்படி 1965-ல் அந்நாட்டு அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கிட்டத்தட்ட அதே நேரம் இங்கே கோத்தாரி கமிஷன் அருகமைப் பள்ளி என்றது. அதற்கும் முன்பு, 1952-53-ல், நம் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான கமிஷன், ஏட்டுப் படிப்பும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பல்நோக்கு உயர்நிலைப் பள்ளிகளைக் கேட்டது. அறிக்கைகள் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை அரசுப் பள்ளிகள் யார் சொல்லியும் அல்ல, வேறு வழியில்லாததால், அப்படிப்பட்ட பள்ளிகளாகவே நடக்கின்றன. வந்தவர் எல்லோருக்கும் இடம். வந்தவர்கள் எல்லோரும் என்றால், இந்த ஊரில் அதன் கனம் வேறு.

ஓசூரில் ஆர்.வி. அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி என்று ஒன்று உண்டு. ஊரில் பழைய பள்ளி. பக்கத்துத் தொரப்பள்ளி கிராமத்து முன்சீப்பின் மகன் ஒருவன் சின்ன வயதில் இங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டான். 1878 டிசம்பரில் பிறந்த அந்தப் பையன் 1891-ல் மெட்ரிகுலேஷன் தேறினான்; பன்னிரண்டு, பதின்மூன்று வயதில். பிறகு பெங்களூரு சென்ட்ரல் காலேஜ், சென்னையில் சட்டம், சேலத்தில் வக்கீல் தொழில். சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி.

அந்தக் காலத்து மெட்ரிகுலேஷனில் தோற்றவர்கள்தான் அதிகம். ‘மெட்ரிக் ஃபெயில்’ என்று சொல்லிக்கொண்டே குமாஸ்தா வேலைக்குப் போகலாம். அதுவும் ஒரு தகுதி. இருக்கிற கூட்டத்திலிருந்து ஒருவனைப் பொறுக்கியெடுத்து மேலே அனுப்புவதுதான் அன்றைய பள்ளியின் வேலை. பொறுக்காமல் எல்லோரையும் வைத்துக்கொள்வது என்பது காமராஜருக்குப் பிறகு வந்த வேலை. 1978-ல் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பைக் கல்லூரியிலிருந்து எடுத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று பள்ளிக்குள் வைத்தார்கள். உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. பெங்களூருக்கோ சேலத்துக்கோ பிள்ளையை அனுப்ப வழியில்லாத வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, வீட்டில் முதன்முதலாகப் பிளஸ் டூ முடித்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. ‘ஜெனரல் மெஷினிஸ்ட்’ என்று ஒரு குரூப். லேத், டிரில்லிங், அளவெடுக்கும் கருவிகள். தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்த ஓசூருக்கென்றே தைத்த சட்டை மாதிரி அது. காலப்போக்கில் மாநிலம் முழுக்கத் தொழிற்கல்வி ஆசிரியர்கள் ஓய்வு பெறப் பெற, அந்த இடங்கள் நிரம்பாமல் குரூப்புகள் ஒவ்வொன்றாக மெலிந்தன.

தொரப்பள்ளிக்கு டவுன் பஸ். ராஜாஜி பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. சுவரில் புகைப்படங்கள்: காந்தியோடு, நேருவோடு, கவர்னர் ஜெனரலாக. நான் போன நேரம் வேறு பார்வையாளர் யாரும் இல்லை. அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு 1953-ஐ நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்த ஆண்டு முதலமைச்சர் ராஜாஜி ஆரம்பக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழிலைப் பார்த்துக் கற்க வேண்டும். இருக்கிற கட்டடத்தில், இருக்கிற ஆசிரியரை வைத்து, இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள்; காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார்; மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. சாதியை வைத்துச் சொல்லப்பட்ட எதிர்ப்பு சரியானது, அதை இங்கே மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. தொரப்பள்ளியில் நின்றால் வேறொன்று கண்ணில் படுகிறது. தகப்பன் தொழில் அங்கேயே இருக்கும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் அஸ்திவாரம். அதை அவர் கேள்வி கேட்கவே இல்லை. ஆனால் இருபது வருஷத்தில் அவர் பிறந்த மண்ணிலேயே அது ஆட்டம் கண்டது. தொழிற்பேட்டைகள் அமைக்கும் அரசின் சிப்காட் நிறுவனம் 1971-ல் உருவாகி, அந்தப் பத்தாண்டுக்குள் ஓசூரில் நிலம் எடுத்தது. 1980-ல் அசோக் லேலண்ட். அதே வாக்கில் டி.வி.எஸ். மொபெட். கேழ்வரகும் அவரையும் விளைந்த காட்டில் கியர் பாக்ஸ் விளைந்தது. பிள்ளை கற்றுக்கொள்ள அப்பாவிடம் நிலமும் இல்லை, அப்பா அந்தத் தொழிலிலும் இல்லை.

அந்த இடைவெளியில் பள்ளிக்கூடம் என்ன செய்தது என்பதற்கு நல்ல சாட்சி டைட்டன். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய கம்பெனி. கைக்கடிகாரம் பூட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் யாரும் கிடையாது. அவர்கள் போனது கிராமத்துப் பள்ளிகளுக்கு. பதினேழு, பதினெட்டு வயதில் பள்ளிப் படிப்பை முடித்த, வேறு எங்கும் வேலை பார்த்துப் பழகாத பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வீடு பிடித்துக் கொடுத்து, வளர்ப்புப் பெற்றோர் போலப் பார்த்துக்கொள்ளத் தம்பதிகளையும் வைத்தார்கள். ஊரை விட்டே வெளியே போகாத பிள்ளைகள் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு மயிரிழைத் திருகாணியைப் பூட்டக் கற்றார்கள். அந்தத் தலைமுறையில் பலர் பர்மனென்ட் ஆகி, ஓசூரில் வீடு கட்டி, பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திய காலம் அது. அந்தச் சாதனை எந்தப் பள்ளியின் போர்டிலும் ஏறவில்லை.

இப்போதும் அதே மார்க் ஷீட்டைத்தான் கேட்கிறார்கள். சிப்காட் பக்கம் ஒரு டீக்கடையில் ஒட்டியிருந்த தாளில், ‘பிளஸ் டூ பாஸ்/ஃபெயில், வயது 18-25, பெண்கள் மட்டும், தங்குமிடம் இலவசம்’ என்று இருந்தது. பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவில் ஒரு சாய்வுக் கோடு. பன்னிரண்டு வருஷப் படிப்பின் முடிவை அந்தக் கோடு தாண்டிப் போய்விடுகிறது. டீ குடித்துக்கொண்டிருந்த பையன் ஒருவனைக் கேட்டேன்.

“டிரெய்னியாண்ணா. மூணாவது கம்பெனி. ஒரு வருஷம் முடிஞ்சா கார்டு வாங்கிக்குவாங்க, அடுத்த கம்பெனிக்குப் போயிக்கணும்.”

“பர்மனென்ட்?”

“எங்க சித்தப்பா டைம்ல இருந்துச்சாம்.”

கேலமங்கலம் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்களுக்கு ஆலை போட்டபோது, ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வேலைக்குச் சேர்க்கப்படுகிறார்கள் என்று 2022-ல் ஒன்றிய அமைச்சர் ஒருவரே அறிவித்தார். போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று அதற்கு முந்தின வருஷம் சொன்னார்கள். பெண்களுக்கு வேலை வருவது நல்லது. இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு இரட்டிப்பு நல்லது. பதினெட்டு வயதில் சம்பளம் வாங்குகிற பெண்ணின் கல்யாணத்தை வீட்டில் கொஞ்சம் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டமும், பதினெட்டு வயதிலேயே அதைப்போல் பல மடங்கு தருகிற அசெம்பிளி லைனும் ஒரே வீட்டு வாசலில் நிற்கும்போது, எது ஜெயிக்கும் என்பது வீட்டின் கடனைப் பொறுத்தது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் ஓசூர்ப் பள்ளியைப் பற்றிப் பேச முடியாது. திரும்பும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் நின்ற மாணவன் அம்மாவோடு ஃபோனில் தெலுங்கு பேசினான், நண்பனோடு தமிழ், அத்திப்பள்ளிக்கு எங்கே மாற வேண்டும் என்று கேட்ட பெரியவருக்குக் கன்னடத்தில் பதில் சொன்னான். மூன்றிலும் ஒரே வேகம். தளி, அஞ்செட்டி பக்கம் கன்னடம், பேரிகை, வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கு, டவுனில் உருது. 1938-ல் சென்னை மாகாணத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் இந்தத் தொரப்பள்ளிக்காரர்தான். மூன்று மொழிகளை வீதியிலேயே கற்றுக்கொள்ளும் ஊரில் பிறந்தவருக்கு இன்னொரு மொழி ஒரு பாரமாகத் தெரிந்திருக்காதோ என்னவோ.

2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. முதல் அணி 2016-ல் பத்தாம் வகுப்புக்கு வந்தது. அதுவரை தெலுங்கையோ கன்னடத்தையோ உருதையோ முதல் தாளாக எழுதிவந்த சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஒவ்வொரு வருஷமும் விலக்கு கேட்டார்கள். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் ஓராண்டு விலக்கு தந்தது. தமிழ்நாட்டில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதைக் கற்றுத்தரும் ஆசிரியர் முதலில் பள்ளிக்கு வர வேண்டும், அதற்குப் பிறகுதான் தேர்வு வர வேண்டும். பஸ்ஸில் வந்த கணக்கு வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்தது: “எட்டாவது வரைக்கும் கன்னட மீடியம், ஒம்பதாவதுல எங்கிட்ட வருவான். சார்பும் சார்பகமும்னு போர்டுல எழுதுவேன். அவன் அதப் படம் மாதிரி வரைவான் சார். கணக்கு அவனுக்கு வராம இல்ல.” தமிழில் ஃபெயிலாகிறவன் உண்மையில் எதில் ஃபெயிலாகிறான் என்று ரிசல்ட் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தேன்கனிக்கோட்டையில் இறங்கியபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. இங்கிருந்து அஞ்செட்டி போகும் சாலை காட்டுக்குள் போகிறது. யானை கடக்கும் இடங்களில் பலகை வைத்திருக்கிறார்கள். மலைக் கிராமங்களில் எட்டாவது வரை பள்ளி இருந்தாலே அதிர்ஷ்டம். அதற்கு மேல் படிக்கவேண்டுமானால் நடை, பிறகு பஸ். அந்த நடை தொடங்கும் இடத்தில்தான் பல பெண்களின் படிப்பு நிற்கிறது. அடுத்தது பெரும்பாலும் கல்யாணம். பஸ் நிறுத்தத்தில் யூனிஃபார்மோடு ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி பிளஸ் ஒன். பத்தாவதில் கணக்கில் 92 வாங்கியவள்.

“அப்ப ஃபர்ஸ்ட் குரூப்பாம்மா?”

“இல்ல சார், தேர்டு குரூப். அக்கவுன்டன்சி.”

“கணக்குப் பிடிக்கலையா?”

“பிடிக்கும் சார். ஃபர்ஸ்ட் குரூப்னா பிராக்டிகல், அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ் ஆறு மணி வரைக்கும். எங்க ஊருக்கு அஞ்சே முக்கால் பஸ்தான். அத விட்டா எட்டு மணிக்கு. எறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும், யானை இருக்கும். அப்பா வேணாம்னுட்டாரு.”

பக்கத்தில் நின்றவள் குறுக்கிட்டாள்: “ஆறரைக்கு ஒரு பஸ் விடச் சொல்லி ஹெச்.எம். லெட்டர் எழுதியிருக்காரு சார். ரெண்டு தடவ.”

“என்ன சொன்னாங்க?”

“டிரைவர் இல்லையாம்.”